இரக்கம் அல்ல, இருக்கை!

இடுப்பிலே எட்டு வயதுப் பெண். தோளிலே துணிப்பை. கையிலே கசங்கிப்போன பிறப்புச் சான்றிதழ். ஜூன் மாதத்து வெயிலில் இரண்டு கல் தொலைவு நடந்து வந்த தாய், தலைமை ஆசிரியரின் அறை வாயிலில் நின்றாள். நாற்று நட்டுக் கூலி பெற்று வாழ்பவள். மகளுக்கு மூளை முடக்குவாதம். கால்கள் பின்னிக்கொள்ளும், கை சொன்னபடி கேளாது, பேச்சுக் குழறும். ஆனால், சுவரிலே தொங்கிய நாட்டுப் படத்தை அந்தப் பெண்ணின் கண்கள் ஊர் ஊராக உலவிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஐயா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கணும்."

"இந்தப் பிள்ளையையா? இதுக்கெல்லாம் தனிப் பள்ளிக்கூடம் இருக்கும்மா. இங்கே யாரு பார்த்துக்குவா? விழுந்து அடிபட்டா யாரு பதில் சொல்றது?"

"அது எங்கே இருக்குதுங்க ஐயா?"

"டவுன்ல இருக்கும். விசாரிச்சுப் பாரும்மா."

தாய் திரும்பினாள். வாயிலண்டை நின்ற ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆறுதல் சொன்னார்: "போன பிறவியிலே செஞ்சதை இந்தப் பிறவியிலே சுமக்கிறே. ஆண்டவனை வேண்டிக்கோ தாயி."

பக்கத்து நாற்காலியிலே அமர்ந்து சேர்க்கைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம் நாம். பணியேற்றுப் பத்து நாள் ஆகியிருந்தது. கல்லூரி மன்றத்திலே சமத்துவம் பற்றி முழங்கிப் பரிசு பெற்ற நாக்கு, அன்று அசையவில்லை. பள்ளி 'இடமில்லை' என்றது. ஊர் 'விதி' என்றது. பகுத்தறிவாளர் என்று பெயர் எடுத்த நாம் பேசாதிருந்தோம். மூவரும் சேர்ந்துதான் அந்தக் கதவை அடைத்தோம். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகிறோம், தோழர்களே! ஏனெனில், இப்படி அடைபடும் கதவு நம் பள்ளியின் கதவு ஒன்று மட்டுமல்ல.

பெரியவர் சொன்ன 'போன பிறவி'யை முதலில் விசாரிப்போம். கால் சூம்பியது முன்வினை, காது கேளாதது முன்வினை, பேச்சு வராதது பெற்றோர் செய்த பாவம் என்று ஒரு தீர்ப்பை நம் நாட்டிலே காலங்காலமாக எழுதி வைத்திருக்கிறார்கள். குற்றம் இன்னதென்று சொல்லாத தீர்ப்பு! சாட்சி இல்லாத தீர்ப்பு! மேல்முறையீடு செய்ய வழியே இல்லாத தீர்ப்பு!

இளம்பிள்ளை வாதத்தை எடுத்துக்கொள்வோம். போலியோ என்று ஊர் முழுதும் அறிந்த நோய். 1988ஆம் ஆண்டளவில் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை இலட்சம் குழந்தைகளை முடக்கிவந்தது. முடங்கிய ஒவ்வொரு காலுக்கும் ஒரு முற்பிறப்புக் கதை கட்டினார்கள். ஜோனாஸ் சால்க் என்னும் அறிஞர் ஆக்கிய தடுப்பூசி 1955இல் பயனுக்கு வந்தது. பின்னர்ச் சொட்டு மருந்து வந்தது. நம் நாட்டிலே 1995 முதல் தெருத் தெருவாகக் கூடாரம் அமைத்து, பேருந்து நிலையத்திலும் நின்று, குழந்தைகளின் வாயிலே இரண்டு சொட்டு ஊற்றினார்கள். இந்தியாவில் இயற்கைப் போலியோக் கிருமியால் தாக்குண்ட கடைசிக் குழந்தை 2011 சனவரியில் மேற்கு வங்கத்திலே காணப்பட்டது. 2014 மார்ச்சில் இந்தியாவுக்கு, போலியோ ஒழிந்த நாடு என்னும் சான்று கிடைத்தது.

கேட்கிறோம்: 2011ஆம் ஆண்டோடு இந்த நாட்டிலே முற்பிறவிப் பாவிகள் பிறப்பது நின்றுவிட்டதா? பல பிறவிக் கணக்கை இரண்டு சொட்டு மருந்து அடித்துத் தள்ளிவிட்டதா? அப்படியானால் வினை பெரிதா, மருந்து பெரிதா?

கருவுற்ற தாய்க்கு ருபெல்லா அம்மை கண்டால் பிறக்கும் குழந்தையின் கண்ணும் காதும் கெடக்கூடும் என்பதை, ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இலேயே எடுத்துக் காட்டினார். அதற்கான தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் தொடங்கியது. பேறுகாலத்திலே குழந்தையின் மூளைக்கு உயிர்வளி போதாமற் போவது மூளை முடக்குவாதத்தின் காரணங்களுள் ஒன்று. சொத்து வெளியே போகக் கூடாதென்று தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் முடிச்சுப் போடும் வழக்கம், பிறவியிலேயே காது கேளாமை வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. கிருமியும், பேறுகாலக் கவனிப்பின்மையும், உறவு மணமும் செய்த வேலைக்குக் குழந்தையைக் குற்றவாளியாக்குவது எந்த ஊர் நீதி?

ஒன்றையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். காரணம் அறிந்து தடுப்பது மருத்துவத்தின் கடன். ஆனால் பிறந்துவிட்ட பிள்ளை, தடுக்கத் தவறிய பிழையன்று, முழு மனிதர், முழு உரிமைக்குரியவர். காரணம் தெரியாத குறையோடு பிறந்தாலும் அந்த உரிமை அணுவளவும் குறையாது.

பழவினைப் பேச்சைப் படித்தவர் பலர் இன்று வெளிப்படையாகப் பேசுவதில்லை. அவர்களிடம் வேறொரு சரக்கு இருக்கிறது. அதன் பெயர் இரக்கம். செல்வர் ஒருவருக்கு மணிவிழா. காது கேளாத குழந்தைகள் தங்கிப் படிக்கும் விடுதியிலே வடை பாயசத்தோடு விருந்து. குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார். ஊர் மெச்சுகிறது. அதே செல்வர் பள்ளிக்கூடம் ஒன்றும் நடத்துகிறார். அங்கே அந்தக் குழந்தைகளுள் ஒன்றுக்கேனும் இடம் உண்டா என்று கேட்டால், 'எங்கள் தேர்ச்சி விழுக்காடு என்னாவது?' என்பார். சோறு போட அவருக்கு மனமுண்டு. பக்கத்திலே உட்கார வைக்க மனமில்லை.

பழவினை, 'உன் தலையெழுத்து, அனுபவி' என்கிறது. இரக்கம், 'ஐயோ பாவம், வாங்கிக்கொள்' என்கிறது. இரண்டுக்கும் ஓசைதான் வேறு. இரண்டிலும் குழந்தைக்குக் கேட்கும் வாய் கிடையாது. இரக்கம் கொடுப்பவன் மனம் இருக்கும்வரைதான் இருக்கும். உரிமை அப்படியன்று, மனம் இல்லாதவனும் கொடுத்தாக வேண்டியது.

அந்த உரிமை எழுத்திலே இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது, தோழர்களே! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. 2012இல் செய்த திருத்தம், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளை அதிலே தெளிவாகச் சேர்த்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் எடுத்தது. அதனிடத்தில் வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கணக்கில் எடுத்தது. எழுத்துகள் கண்முன்னே குழம்பும் கற்றல் குறைபாடும், தன்முனைவு எனப்படும் ஆட்டிசமும் அவற்றுள் அடங்கும். நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு உள்ள குழந்தைக்கு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமையுண்டு என்கிறது அதன் 31ஆம் பிரிவு. எங்கே? அருகிலுள்ள பள்ளியிலோ, தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ! 16ஆம் பிரிவு, வேற்றுமை காட்டாமல் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. கட்டடத்தை அவர்கள் புழங்கத் தக்கதாக்கச் சொல்கிறது. ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ப வசதி செய்யச் சொல்கிறது. கற்றல் குறைபாட்டை இளமையிலேயே கண்டறியச் சொல்கிறது. தேர்விலே சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு 17ஆம் பிரிவு வழி செய்கிறது.

'டவுன்ல இருக்கும், விசாரிச்சுப் பாரும்மா' என்று தலைமை ஆசிரியர் சொன்ன அந்தக் காலைப் பொழுதிலே இத்தனையும் நடைமுறையில் இருந்தவை. நாம் அறியாதவையா? அதுதான் வெட்கம்! கல்வியியல் பட்டத் தேர்விலே 'உள்ளடக்கிய கல்வி'யைப் பற்றி ஐந்து பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர் நாம். தாளிலே எழுதிய கை, தாயின் பக்கம் நீளவில்லை.

சட்டம் இருக்கிறது, சரி. பள்ளியிலே என்ன இருக்கிறது? முழங்கால் உயரத்துக்கு மூன்று படி இருக்கிறது. பக்கத்திலே பெயருக்கு ஒரு சாய்தளம் இருக்கிறது. ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி. நான்கடியிலே முடித்துவிட்ட அந்தச் சாய்தளம், விடுமுறை நாளிலே சிறுவர் சறுக்கி விளையாட உதவுகிறது. சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறைக் கதவு இருக்கிறது. சிறப்புப் பயிற்றுநர் என்று ஒருவர் இருக்கிறார். வட்டார வள மையத்திலிருந்து வருவார். பள்ளிகள் பல, ஆள் ஒருவர். நம் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் வந்தால் பெரிது. கண் தெரியாத பிள்ளைக்குப் பிரெயில், காது கேளாத பிள்ளைக்குச் சைகை, கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு வேறு முறை என்று எல்லாக் கலையும் கற்றிருக்க வேண்டியவர். அவருக்குத் தரப்படுவதோ தொகுப்பூதியம்! பணி நிலைப்பு இல்லை. நாளை என்னாகும் என்ற உறுதி இல்லை. தாமே தள்ளாடும் நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, 'நீ போய்க் குழந்தைக்குத் தாங்கு கட்டையாக இரு' என்கிறோம்!

மேடைதோறும் ஹெலன் கெல்லரின் பெயரைச் சொல்கிறோம். பார்வையும் செவியும் இல்லாமல் 1904இல் பட்டம் பெற்ற அம்மையார். 1955இல் நம் நாட்டுக்கும் வந்து சென்றவர். 'மன உறுதி இருந்தால் மலையையும் புரட்டலாம்' என்று மாணவர்க்கு அறிவுரை சொல்ல அவர் படம் வசதியாக இருக்கிறது. ஆனால் அந்தப் படத்திலே பக்கத்தில் இருக்கும் மற்றொரு பெண்மணியைக் கத்தரித்துவிடுகிறோம். ஆன் சல்லிவன் என்ற அந்த ஆசிரியை 1887இல் ஏழு வயது நிரம்பாத குழந்தை ஹெலனிடம் வந்து சேர்ந்தார். உள்ளங்கையிலே விரலால் எழுத்தெழுத்தாக எழுதிச் சொல் கற்பித்தார். கல்லூரி வகுப்பிலும் பக்கத்திலே அமர்ந்து விரிவுரை முழுவதையும் கையிலே எழுதிக் காட்டினார். கெல்லரின் படத்தைச் சுவரில் மாட்ட ஆணி அடிக்கிறோம். சல்லிவனுக்கு நாற்காலி போட மட்டும் நிதி இல்லை என்கிறோம்!

நாற்காலி எத்தனை வேண்டும் என்பதற்கும் கணக்கு வந்துவிட்டது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்பதை இடைக்கால அளவாக வைத்தது. ஆண்டுகள் ஓடின. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், பணியிடங்களை எண்ணிக்கையிட்டு அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட நேர்ந்தது. ஒரு குழந்தை ஆறாம் வயதிலே பள்ளிக்கு வந்து பத்தாம் வயதை எட்டும் காலம், இந்த அறிவிப்புக்குக் காத்திருந்தே கழிந்துவிட்டது.

இந்தப் பயிற்றுநர்களின் ஊதியம் ஒன்றிய அரசும் மாநில அரசும் பங்கிடும் கல்வித் திட்ட நிதியிலிருந்து வருவது. 2024-25ஆம் ஆண்டுக்கெனத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய், கொள்கைத் தகராறு ஒன்றின் பேரில் நிறுத்தி வைக்கப்பட்டது. மாநில அரசு 2025இல் உச்ச நீதிமன்றத்தின் படி ஏறியது. நிதியைப் பிடித்து வைத்த டில்லியை நாம் கண்டிக்கிறோம். அதே மூச்சில் நம்மவரையும் கேட்கிறோம்: டில்லிப் பணம் தாராளமாக வந்த ஆண்டுகளிலே இந்தப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்திலிருந்து கரையேறினார்களா? எதிரியின் குற்றத்தைக் காட்டித் தன் கடனை மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

இனி, வழக்கமாக எழும் மூன்று மறுப்புகளைப் பார்ப்போம்.

'இவர்களைச் சேர்த்தால் மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடும்' என்பது முதல் மறுப்பு. இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? சேரிப் பிள்ளைகள் பள்ளிப் படியேறியபோது இதே குரல் எழுந்தது. பெண்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதும் எழுந்தது. அன்றும் படிப்புக் கெடவில்லை. சிலருடைய தனியுரிமைதான் கெட்டது. காது மந்தமான ஒரு பிள்ளைக்காக ஆசிரியர் வகுப்பை நோக்கி முகம் காட்டி நிறுத்திப் பேசினால், நாற்பது பிள்ளைகளுக்கும் பாடம் விளங்குகிறது. கற்றல் குறைபாடுள்ள ஒருவனுக்காக ஒரே கணக்கை எழுதியும், வரைந்தும், புளியங்கொட்டை வைத்தும் காட்டினால், கடைசி வரிசை முழுவதும் தலை நிமிர்கிறது. சரியாகக் கட்டிய சாய்தளத்திலே சத்துணவு அரிசி மூட்டையும் வருத்தமின்றி ஏறுகிறது.

'சிறப்புப் பள்ளிதானே இவர்களுக்கு நல்லது?' என்பது இரண்டாவது. சிலருக்கு நல்லதுதான். சைகை மொழியிலே பேசிச் சிரிக்கத் தோழர் கூட்டம் உள்ள பள்ளி, காது கேளாத குழந்தைக்குப் பெரும் பேறாக அமையலாம். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கும் பெற்றோர்க்கும் உரியது. ஆனால் அந்தத் தாய் எதைத் தேர்ந்தெடுத்தாள்? முகவரியும் சொல்லாமல் 'டவுன்ல இருக்கும்' என்று கைகாட்டி அனுப்புவதற்குத் தேர்வு என்று பெயரா? விரட்டல் என்று பெயர்!

'பணத்துக்கு எங்கே போவது?' என்பது மூன்றாவது. 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமை தாங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பகலுணவு போட்டது. பின்னர்க் காமராசர் காலத்திலே அது மாநிலம் முழுவதும் பரவியது. 1982இல் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பணம் இருந்ததால் பிறந்த திட்டமா அது? பசியோடு பாடம் ஏறாது என்ற முடிவு முதலில் பிறந்தது, பணம் பின்னால் வந்தது. கடல் கடந்தும் சான்று உண்டு. இத்தாலி நாடு 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் இக்குழந்தைகளுக்கென ஒதுக்கிய தனி வகுப்புகளை நீக்கி, பொது வகுப்பிலேயே துணையாசிரியரை வைத்தது. அந்த நாட்டுப் பள்ளிகள் இடிந்து விழுந்துவிடவில்லை.

பிறரைக் கேட்டது போதும். நம் பாசறையையும் பார்ப்போம். மூடப்பழக்கத்தைத் தாக்கும்போது 'குருட்டு நம்பிக்கை' என்கிறோம். பேச்சுக்குச் செவிசாய்க்காத ஆட்சியைச் 'செவிட்டு அரசு' என்கிறோம். வலுவில்லாத வாதத்தை 'நொண்டிச் சாக்கு' என்கிறோம். கைதட்டல் கிடைக்கிறது. கூட்டத்தின் ஓரத்திலே வெள்ளைக் கோலோடு நிற்கும் தோழர் கைதட்டுகிறாரா என்று பார்த்ததுண்டா? பார்வையற்றவர் எந்த மூடநம்பிக்கையைப் பரப்பினார்? கண் நன்றாகத் தெரிந்தவர்கள் அல்லவா நாள் பார்த்தும் கோள் பார்த்தும் ஊரை ஏய்க்கிறார்கள்! இழிவான பெயரைச் சுமந்து நடப்பதன் வலி இன்னதென்று, சாதிப் பெயரால் வசைபட்ட குலத்திலே வந்த நமக்கா தெரியாது? 'ஊனமுற்றோர்' என்பதை 'மாற்றுத்திறனாளிகள்' என்று மாற்றிய நாடு இது. அரசுப் பலகையில் மாறிய சொல் நம் மேடையிலும் மாற வேண்டும்.

சொல் மாறினால் போதுமா? போதாது. வேலை இருக்கிறது. படிப்பகத்துக்கு வரும் இளைஞர் நால்வர் போதும். உங்கள் தெருவிலே, பக்கத்துத் தெருவிலே, பள்ளிக்குப் போகாமல் திண்ணையிலே இருக்கும் குழந்தை யார் என்று வீடு வீடாக எண்ணுங்கள். அந்தத் தாயோடு பள்ளிக்குச் செல்லுங்கள். 'இடமில்லை' என்றால், 'அதை எழுத்திலே தாருங்கள் ஐயா' என்று பணிவோடு கேளுங்கள். 31ஆம் பிரிவை நினைவூட்டுங்கள். பல கதவுகள் அந்த ஒரு கேள்விக்கே திறக்கும். திறக்காவிட்டால், பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கிராம சபை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்ச் சாய்தளத்தை அளந்து, கணக்கோடு மனு எழுதுங்கள். கிராம சபையிலே அந்தத் தாயே எழுந்து பேசட்டும். நீங்கள் பக்கத்திலே நில்லுங்கள்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மூன்று வாரம் உறுத்தலோடு கழித்துவிட்டு, ஒரு மாலையிலே சட்டத்தின் படி ஒன்றையும் எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனோம். கோபித்தார், பிறகு படித்தார், பிறகு, 'இது எனக்கு யாரும் சொல்லலையே தம்பி' என்றார். கெட்டவர் அல்லர், நம்மைப் போலப் பேசாதிருந்தவர்களால் சூழப்பட்டவர். மறுநாள் இருவருமாக அந்தக் குடிசைக்குச் சென்றோம். ஊர்த் தச்சர் கைப்பிடியும் இடுப்பு வாரும் வைத்து ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். இன்று அவள் இரண்டாம் வரிசையில் இருக்கிறாள். எழுதக் கை வராது. எழுத்து அட்டைகளைத் தள்ளித் தள்ளிச் சொல் அமைக்கிறாள். நாட்டுப் படத்திலே ஆறுகளின் பெயரை வகுப்பிலே அவளைவிட விரைவாகக் காட்டுபவர் இல்லை.

ஆனால் நடவுக் காலம் வந்தால் அந்த நாற்காலி காலியாகிவிடுகிறது. தாய் கூலிக்குப் போக வேண்டும். மகளைத் தூக்கி வர ஆளில்லை. அந்த நாள்களிலே வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறிக்கும்போது கை கூசுகிறது. வராதவள் அவளா? போய் அழைத்து வராதவர் நாம் அல்லவா? பள்ளிக்கு வந்து போக ஊர்தி வசதி செய்ய வேண்டும் என்றும் அதே 16ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கான மனுவை எழுதி முடித்துவிட்டோம். அடுத்த கிராம சபையிலே அந்தத் தாய் அதைப் படிப்பாள். பக்கத்திலே நாம் நிற்போம். இம்முறை வாய் மூடியிரோம்.